‘ஓ.ஆர்.எஸ்.’ பெயருக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? செல்லின் குளோரைடு கதவு சொல்லும் கணக்கு

மருந்துக் கடைகளிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் பல ஆண்டுகளாக அடுக்கி வைக்கப்பட்டிருந்த பானங்கள் அவை. ஆப்பிள், ஆரஞ்சு என்று விதவிதமான சுவை, கண்ணைப் பறிக்கும் டெட்ரா பேக். பெயரில் எங்கோ ஓரிடத்தில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். குழந்தைக்கு லூஸ் மோஷன் என்று பதறி ஓடிவரும் பெற்றோர், அந்த மூன்று எழுத்தை நம்பித்தான் வாங்கிப் போவார்கள். ஆனால், அது ஓ.ஆர்.எஸ். அல்ல.

2025 அக்டோபரில் இந்தப் பெயர் விளையாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ. ‘வெறும் பெயர்தானே, அதுக்கு ஏன் கோர்ட் வரை போகணும்?’ என்று தோன்றலாம். பதில் பாக்கெட்டின் மேல் இல்லை. நம் உடலின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் இருக்கும் குளோரைடு சேனல் என்ற குட்டிக் கதவில் இருக்கிறது.

என்ன நடந்தது?

2022 ஜூலையிலும் 2024 பிப்ரவரியிலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பிறப்பித்த உத்தரவுகளின்படி, ஒரு பானத்தின் பிராண்டு பெயரில் முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ ‘ஓ.ஆர்.எஸ்.’ இருக்கலாம். ஒரே நிபந்தனை, ‘உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். ஃபார்முலா இது அல்ல’ என்ற எச்சரிக்கை வரி பாக்கெட்டில் இடம்பெற வேண்டும். பெயர் பெரிய எழுத்தில், எச்சரிக்கை சிறிய எழுத்தில். அவசரத்தில் இருக்கும் அம்மாவோ அப்பாவோ எதைப் படிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து சுமார் 8 ஆண்டுகள் பிரசாரம் செய்தார். தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடுத்தார். 2025 அக்டோபர் 14 அன்று எஃப்எஸ்எஸ்ஏஐ தன் பழைய இரண்டு உத்தரவுகளையும் திரும்பப் பெற்றது. பழச்சாறு பானமோ, கார்பனேற்றம் செய்யாத பானமோ, குடிக்கத் தயார் நிலையில் உள்ள பானமோ, எதன் பெயரிலும் எந்த வடிவத்திலும் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற சொல் வரக் கூடாது. வந்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் கீழ் அது தவறான, திசைதிருப்பும் லேபிள் என்று அறிவித்தது.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடின. ஒரு நிறுவனத்துக்கு முதலில் இடைக்கால நிவாரணம் கிடைத்தது. அந்த நிறுவனத்தின் கோரிக்கையைக் கேட்டபின் எஃப்எஸ்எஸ்ஏஐ அதை நிராகரித்தது. அக்டோபர் 31 அன்று இன்னொரு நிறுவனத்தின் மனு வந்தபோது, இது பொது சுகாதாரம் தொடர்பானது என்று கூறி உத்தரவில் தலையிட நீதிமன்றம் மறுத்தது. நவம்பரில், கடைகளில் எஞ்சியிருக்கும் இத்தகைய பானங்களை அகற்றும்படி மாநிலங்களுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ அறிவுறுத்தியது.

கவனிக்க வேண்டிய விஷயம்: பானம் தடை செய்யப்படவில்லை. பெயர்தான் தடை செய்யப்பட்டது.

ஓ.ஆர்.எஸ். என்றால் என்ன?

வாய்வழி நீரேற்றக் கரைசல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ஓ.ஆர்.எஸ். பலருக்கும் இது ‘எனர்ஜி டிரிங்க்’ மாதிரி ஒன்று. உண்மையில் இது ஒரு மருந்து. அளவு மாறாத செய்முறை கொண்ட மருந்து. 1 லிட்டர் தண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா இதுதான்:

• சோடியம் குளோரைடு (சாதா உப்பு): 2.6 கிராம்
• குளுக்கோஸ்: 13.5 கிராம்
• பொட்டாசியம் குளோரைடு: 1.5 கிராம்
• டிரைசோடியம் சிட்ரேட்: 2.9 கிராம்

மொத்தம் 20.5 கிராம். தண்ணீரில் கரைந்ததும் கிடைக்கும் செறிவு லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும், அது இந்த 245. ஒரு லிட்டரில் எத்தனை துகள்கள் கரைந்திருக்கின்றன என்பதற்கான அளவு அது. நம் ரத்தத்தின் செறிவு சுமார் 280 முதல் 295. அதாவது, ஓ.ஆர்.எஸ். நம் ரத்தத்தைவிடக் கொஞ்சம் நீர்த்தது. இது தற்செயல் இல்லை.

ஊறுகாயும் உலர் திராட்சையும்

எலுமிச்சையை நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில் வைத்தால், மறுநாள் ஜாடி முழுக்கத் தண்ணீர் விட்டிருக்கும். உலர் திராட்சையைத் தண்ணீரில் போட்டால், இரவோடு இரவாக உப்பிவிடும். இரண்டும் ஒரே விதி. எந்தப் பக்கம் கரைந்த பொருள் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். பள்ளியில் ‘சவ்வூடு பரவல்’ என்று படித்தது இதைத்தான்.

நம் உடலின் செல்களுக்கும் இதே விதிதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தாவர செல்லுக்குக் கெட்டியான சுவர் இருக்கிறது; தண்ணீர் புகுந்தால் அது தாங்கும். மனித செல்லுக்கு இருப்பது சோப்புக் குமிழ் போன்ற மெல்லிய சவ்வு மட்டும். சுற்றியிருக்கும் திரவத்தின் செறிவு 10% குறைந்தால், கோட்பாட்டளவில் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் ஏறத்தாழ அதே அளவு கூடும். செல் உப்பும். இன்னும் குறைந்தால் வெடிக்கும். செறிவு கூடினால் செல் சுருங்கி வதங்கும்.

ஆனால் அன்றாடம் நாம் காபி குடிக்கிறோம், பிரியாணி சாப்பிடுகிறோம், வெயிலில் வியர்க்கிறோம். செல்கள் வெடிப்பதில்லை. காரணம், ஒவ்வொரு செல்லும் தன் கொள்ளளவை நொடிக்கு நொடி சரிபார்த்துத் திருத்திக்கொள்கிறது. அந்த வேலையில் முக்கியப் பொறுப்பு குளோரைடு சேனல்களுக்கு.

சரி, குளோரைடு அப்படி என்ன செய்யுது?

உப்பில் இரண்டு அயனிகள் உள்ளன. சோடியத்துக்கு நேர்மின்னேற்றம், குளோரைடுக்கு எதிர்மின்னேற்றம். ‘சோடியம் குறைஞ்சிடுச்சு’, ‘பொட்டாசியம் ஏறிடுச்சு’ என்று பேசும் நாம் குளோரைடைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் அதுதான் உடல் திரவங்களில் அதிகம் இருக்கும் எதிர்மின் அயனி.

உப்பிப்போன ஒரு செல் மீண்டும் பழைய அளவுக்கு வர வேண்டும். தண்ணீரை நேரடியாக வெளியே தள்ள அதற்கு எந்த பம்ப்பும் கிடையாது. ஒரே வழி, உள்ளே கரைந்திருக்கும் பொருளை வெளியே அனுப்புவது. தண்ணீர் தானாகப் பின்னால் போகும். செல்லுக்குள் அதிகம் இருப்பது பொட்டாசியம். அதை வெளியே அனுப்பலாம். ஆனால் நேர்மின்னேற்றம் மட்டும் வெளியேறிக்கொண்டே இருந்தால் உள்ளே எதிர்மின்னேற்றம் குவிந்து, பொட்டாசியத்தைப் பின்னுக்கு இழுக்கும். கூடவே ஓர் எதிர்மின் அயனியும் கிளம்பினால்தான் பயணம் தொடரும். அந்தத் துணைதான் குளோரைடு.

ஆக, செல் உப்பியதும் குளோரைடு கதவு திறக்கிறது. குளோரைடும் பொட்டாசியமும் ஜோடியாக வெளியேறுகின்றன. தண்ணீர் பின்தொடர்கிறது. சில நிமிடங்களில் செல் பழைய அளவுக்குத் திரும்புகிறது. செல் சுருங்கினால் நேர்மாறான வேலை: சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றையும் ஒன்றாக உள்ளே இழுக்கும் வேறொரு புரதம் வேலையைத் தொடங்கும், தண்ணீர் உள்ளே வரும்.

இப்படி ஒரு கதவு இருக்கிறது என்பது 1980-களிலேயே தெரியும். அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தை விஞ்ஞானிகள் அளந்திருந்தார்கள். ஆனால் அந்தக் கதவு எந்தப் புரதத்தால் ஆனது என்பது சுமார் 25 ஆண்டுகள் பிடிபடவே இல்லை. 2014-ல்தான் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தன. ஒன்று அமெரிக்காவில் ஆர்டெம் பட்டபூடியனின் குழு, மற்றொன்று ஜெர்மனியில் தாமஸ் யென்ச்சின் குழு. செல்களில் ஒவ்வொரு மரபணுவாக அமைதியாக்கி, எது இல்லாவிட்டால் கதவு திறக்க மறுக்கிறது என்று தேடினார்கள். சிக்கிய புரதத்தின் பெயர் எல்ஆர்ஆர்சி8ஏ. அதன் செல்லப் பெயர் ‘ஸ்வெல்1’. ஆங்கிலத்தில் ‘ஸ்வெல்’ என்றால் வீங்குவது. தொடு உணர்வு பற்றிய வேறொரு கண்டுபிடிப்புக்காக பட்டபூடியன் 2021-ல் நோபல் பரிசு பெற்றார்.

மூளைக்கு மட்டும் ஏன் ஆபத்து அதிகம்?

கையில் ஒரு செல் கூட்டம் கொஞ்சம் வீங்கினால் தோல் விரிந்துகொடுக்கும். மூளை இருப்பது மண்டை ஓட்டுக்குள். விரிய இடமே இல்லை.

வயிற்றுப்போக்கில் உப்பையும் தண்ணீரையும் சேர்த்து இழக்கும் ஒருவருக்கு வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் கொடுத்தால், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். மூளை செல்களைச் சுற்றியுள்ள திரவமும் நீர்க்கும். செல்கள் உப்பும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆரோக்கியமானவர்களுக்கும் இது நடக்கும். 2002 பாஸ்டன் மராத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13% பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம் என்று 2005-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. வார இறுதியில் மராத்தான் ஓடும் ஐ.டி. ஊழியர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ரத்தத்தில் சோடியம் மிதமிஞ்சிப் போனால் மூளை செல்கள் சுருங்கும். மூளை இரண்டுக்கும் ஈடுகொடுக்கும். அயனிகளையும் சில சிறிய கரிமப் பொருட்களையும் வெளியேற்றியோ சேர்த்துக்கொண்டோ ஒன்றிரண்டு நாட்களில் புதிய சூழலுக்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். அதனால்தான், சோடியம் குறைந்து பல நாட்கள் ஆன நோயாளிக்கு மருத்துவர்கள் அதை மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். வேகமாக ஏற்றினால் நரம்புகளின் உறையே சிதையும் அபாயம் உண்டு.

இவ்வளவு நுணுக்கமான தராசில் ஒரு பக்கம் கை வைப்பதுதான், அளவு தெரியாத ஒரு பானத்தைக் குழந்தைக்கு ஊட்டுவது.

குடலில் ஒரு கதவு திறந்தே கிடந்தால்?

செல்லின் அளவைக் காக்கும் அதே குளோரைடு உத்தியை, குடல் வேறொரு வேலைக்குப் பயன்படுத்துகிறது. சாப்பாடு வழுக்கிக்கொண்டு போகவும் செரிக்கவும் குடலுக்குள் ஈரம் வேண்டும். குடல் செல்கள் ரத்தத்தின் பக்கத்திலிருந்து குளோரைடை இழுத்து, உட்குழியின் பக்கம் உள்ள ‘சிஎஃப்டிஆர்’ என்ற சேனல் வழியே வெளியே விடுகின்றன. சோடியமும் தண்ணீரும் பின்னால் வருகின்றன. நாம் குடிப்பதும் உடல் சுரப்பதுமாக ஒரு நாளில் 8, 9 லிட்டர் திரவம் குடலுக்குள் வருகிறது. கிட்டத்தட்ட அத்தனையும் திரும்ப உறிஞ்சப்பட்டு, 100-200 மில்லி மட்டுமே மலத்தில் வெளியேறுகிறது. வரவும் செலவும் அவ்வளவு துல்லியம்.

காலரா கிருமி இந்தக் கணக்கைத்தான் உடைக்கிறது. கிருமி குடல் செல்லுக்குள் நுழைவதுகூட இல்லை. அது விடும் நச்சுப்பொருள், செல்லுக்குள் ஒரு சுவிட்சை ‘ஆன்’ நிலையிலேயே பூட்டிவிடுகிறது. அதனால் சிஎஃப்டிஆர் கதவு மூடாமல் திறந்தே கிடக்கிறது. குளோரைடு கொட்டுகிறது, தண்ணீர் கொட்டுகிறது. கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்துக்கு 1 லிட்டர் வரைகூட வெளியேறலாம். சில மணி நேரத்தில் ஆள் போய்விடும் நோய் என்று அந்தக் காலத்தில் ஊரே நடுங்கியதற்குக் காரணம் இதுதான்.

இந்த நச்சைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர். ராபர்ட் கோக் 1884-ல் கொல்கத்தாவில் காலரா கிருமியை அடையாளம் கண்டார். ஆனால் அது எப்படிக் கொல்கிறது என்பது தெரியாமலே இருந்தது. அதே கொல்கத்தாவில் 1950-களில் எஸ்.என்.டே, முயலின் குடலை வைத்து எளிய சோதனைகள் செய்தார். கிருமியை முற்றிலும் வடிகட்டி நீக்கிய திரவமே குடலில் நீரைப் பெருக வைக்கிறது என்று 1959-ல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார். கொல்வது கிருமி அல்ல, அது கக்கும் நச்சுதான் என்பது அப்போது உறுதியானது.

குழந்தைகளுக்கு வரும் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கிலும் குளோரைடு கசிவுக்குப் பங்கு உண்டு. அங்கே திறப்பது வேறொரு குளோரைடு சேனல். திறப்பது எப்படி என்பதும் வேறு. இந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசி 2016 முதல் இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது.

கதவை மூட முடியாது... அப்புறம் எப்படிப் பிழைக்கிறார்கள்?

இங்கேதான் ஓ.ஆர்.எஸ்-ன் அழகு. அது திறந்து கிடக்கும் குளோரைடு கதவைத் தொடுவதே இல்லை. பக்கத்தில் இருக்கும் வேறொரு வாசலைப் பயன்படுத்துகிறது.

குடல் செல்லில் ‘எஸ்ஜிஎல்டி1’ என்றொரு புரதம் உண்டு. அதன் விதி கறாரானது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். 2 சோடியத்துக்கு 1 குளுக்கோஸ். தனியாக வந்தால் ‘ஜோடியோடு வா’ என்று திருப்பி அனுப்பிவிடும். 1960-ல் ராபர்ட் கிரேன் முன்வைத்த கருத்து இது. காலரா நச்சு எல்லாக் கதவையும் குலைத்தாலும் இந்த வாசலை மட்டும் விட்டுவைக்கிறது. ஆகவே உப்பையும் குளுக்கோஸையும் சரியான விகிதத்தில் தந்தால், இரண்டும் உள்ளே போகும். குளோரைடும் தண்ணீரும் கூடவே போகும்.

1968-ல் டாக்காவில் டேவிட் நளினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளிடம் இது வேலை செய்வதைக் காட்டினர். 1971-ல் வங்கதேசப் போரின்போது அதற்குப் பெரிய சோதனை வந்தது. மேற்கு வங்கத்தின் பங்காவ்னில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த பொடியைப் பாக்கெட்டுகளாகப் போட்டு, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 30% வரை இருந்த இறப்பு விகிதம் 4%-க்கும் கீழே இறங்கியது. 2022-ல் காலமான அவருக்கு 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

311-லிருந்து 245: அளவைக் குறைத்தது ஏன்?

பல ஆண்டுகள் உலகம் பயன்படுத்திய ஓ.ஆர்.எஸ்-ன் செறிவு 311. ரத்தத்தைவிடச் சற்று அதிகம். உயிரைக் காத்தது உண்மைதான், ஆனால் வயிற்றுப்போக்கின் அளவு குறையவில்லை. சோடியத்தையும் குளுக்கோஸையும் குறைத்து, லிட்டருக்குத் தலா 75 மில்லிமோல் என்று சமமாக்கிப் பார்த்தார்கள். செறிவு 245-க்கு இறங்கியது. பலன்? ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் சலைன் ஏற்ற வேண்டிய நிலை குழந்தைகளில் சுமார் 33% குறைந்தது. வாந்தி சுமார் 30%, மலத்தின் அளவு சுமார் 20% குறைந்தன. 2002 முதல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் பரிந்துரைப்பது இந்தப் புதிய ஃபார்முலாவைத்தான்.

311-க்கும் 245-க்கும் இடையிலான வித்தியாசமே இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தந்தது. இப்போது சர்க்கரை பானத்துக்கு வருவோம்.

100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை உள்ள ஒரு பானத்தை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 100 கிராம். ஓ.ஆர்.எஸ்-ல் இருப்பதோ 13.5 கிராம் குளுக்கோஸ். நாம் பயன்படுத்தும் சர்க்கரையின் மூலக்கூறு எடை 342 என்பதால், 100 கிராம் என்பது சுமார் 292 மில்லி ஆஸ்மோல். உப்பே சேர்க்காமல், சர்க்கரை மட்டுமே ரத்தத்தின் செறிவைத் தொட்டுவிட்டது. கதை அதோடு முடியவில்லை. குடலில் இந்தச் சர்க்கரை மூலக்கூறு குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடையும். துகள்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்: சுமார் 584. அதாவது, ரத்தத்தைப் போல இரண்டு மடங்கு.

ஊறுகாய் ஜாடியை நினைவுபடுத்திக்கொள்ளலாம். குடலுக்குள் செறிவு அதிகம், ரத்தத்தில் குறைவு. தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? ரத்தத்திலிருந்து குடலுக்கு. ஏற்கெனவே நீரிழந்த குழந்தையின் உடலிலிருந்து பானமே இன்னும் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும். சோடியம் போதிய அளவு இல்லாததால் ‘ஜோடி வாசல்’ வழியே நுழையும் குளுக்கோஸுக்கும் ஓர் எல்லை இருக்கும். மீதி குடலிலேயே தங்கும். பேதி கூடும். பேதியை நிறுத்தத்தான் பானம் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு பாக்கெட் வாங்குவார்கள்.

பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ தாங்கிய சில பானங்களில் லிட்டருக்கு 100 கிராமைத் தாண்டிச் சர்க்கரை இருப்பதாகவும், உப்புகள் தேவையான அளவு இல்லை என்றும் சிவரஞ்சனி சந்தோஷ் தொடர்ந்து சுட்டிக்காட்டியதன் பொருள் இதுதான்.

கதவு திறக்கவே இல்லை என்றால்?

சிஎஃப்டிஆர் திறந்தே கிடந்தால் காலரா. அது திறக்கவே மறுத்தால் ‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்’ என்ற மரபணு நோய். இந்தச் சேனலின் மரபணு 1989-ல் கண்டுபிடிக்கப்பட்டது. குளோரைடு வெளியேறாததால் நுரையீரலிலும் கணையத்திலும் ஈரம் குறைந்து, சளி பசைபோல் இறுகிவிடும். வியர்வையில் உப்பைத் திரும்ப எடுக்க முடியாததால் இந்தக் குழந்தைகளின் தோல் உப்புக் கரிக்கும். கோடையில் உப்பு இழப்பே அவர்களுக்கு ஆபத்தாகலாம். இந்தக் கதவைத் திறக்க உதவும் மருந்துகளுக்கு வழிவகுத்த மைக்கேல் வெல்ஷ், ஹெசூஸ் கொன்சாலெஸ், பால் நெகுலெஸ்கு ஆகிய மூவருக்கு 2025-ன் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. மறுமுனையில், திறந்து கிடக்கும் கதவை மூடும் மருந்தும் உண்டு. அமேசான் காட்டு மரம் ஒன்றின் சிவப்புப் பாலிலிருந்து எடுக்கப்படும் குரோஃபெலமர், எச்ஐவி நோயாளிகளின் வயிற்றுப்போக்குக்காக அமெரிக்காவில் 2012-ல் அனுமதி பெற்றது. ஆனால் சாதாரண வயிற்றுப்போக்கில் உயிர் காக்கும் முதல் ஆயுதம் இன்றும் ஓ.ஆர்.எஸ்-தான்.

பெயர் மாறினால் போதுமா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வயிற்றுப்போக்கால் ஆண்டுதோறும் சுமார் 4.4 லட்சம் குழந்தைகள் 5 வயதுக்குள் இறக்கிறார்கள். இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். பெற்றவர்கள் 60.6%. முந்தைய ஆய்வைவிட முன்னேற்றம்தான். ஆனாலும் 10-ல் 4 குழந்தைகளுக்கு அது கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? 2024-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு கர்நாடகத்திலும் பீகாரிலும் 2,000-க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவச் சேவையாளர்களிடம் இதைச் சோதித்தது. கடையில் சரக்கு இல்லை என்பதோ, வேறு மருந்து விற்றால் லாபம் அதிகம் என்பதோ சிறிய காரணங்களே. பெரிய காரணம், ‘நோயாளி ஓ.ஆர்.எஸ்-ஐ விரும்ப மாட்டார், வேறு மருந்துதான் எதிர்பார்ப்பார்’ என்று அவர்கள் தாங்களாகவே நினைத்துக்கொண்டது. ஓ.ஆர்.எஸ். பரிந்துரைக்கப்படாததில் 42% இந்தத் தப்புக் கணக்கால்தான்.

பெயர் விவகாரத்தின் முழு கனமும் இங்கே தெரிகிறது. ஓ.ஆர்.எஸ். ஒரு சாதாரணப் பொடி, சுவையும் அப்படியொன்றும் பிரமாதமாக இருக்காது. அதன் ஒரே சொத்து, அந்தப் பெயர் மீது 50 ஆண்டுகளாகச் சேர்ந்த நம்பிக்கை. அந்தப் பெயரை ஒரு இனிப்புப் பானம் இரவல் வாங்கினால், விற்பது பானம், தேய்வது நம்பிக்கை.

‘எச்சரிக்கை வரிதான் இருந்ததே’ என்பது நிறுவனங்களின் வாதம். இந்தப் பானங்கள் வயிற்றுப்போக்குக்கானவை என்று தாங்கள் சொல்லவில்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால், மருந்துக் கடையில், மருந்தின் பெயரோடு, மருந்துகளுக்குப் பக்கத்திலேயே ஒரு பொருள் இருக்கும்போது அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அலமாரியே சொல்லிவிடும். பெயர் மாறிய பிறகும் அதே பானம், அதே வண்ணத்தில், அதே இடத்தில் இருந்தால் பாதிச் சிக்கல் அப்படியே இருக்கும். உத்தரவின் அடுத்த சோதனை அதில்தான்: மாநில உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கடைகளில் எவ்வளவு தூரம் இறங்கிப் பார்க்கிறார்கள், கவுன்டரில் நிற்பவர் ‘இது ஓ.ஆர்.எஸ். இல்லைங்க’ என்று சொல்கிறாரா என்பதில்.

வாங்கும்போதும் கொடுக்கும்போதும்

• ஓ.ஆர்.எஸ். மருந்து என்பதால், பாக்கெட்டில் மருந்து உற்பத்தி உரிம எண்ணும் ‘ஐ.பி.’ என்ற குறிப்பும் இருக்கும். ‘எஃப்எஸ்எஸ்ஏஐ’ முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருந்தால் அது உணவுப் பொருள்.

• பொருட்கள் பட்டியலில் சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, சிட்ரேட், குளுக்கோஸ் நான்கும் உலக சுகாதார நிறுவன அளவில் இருக்க வேண்டும்.

• பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அத்தனை மில்லி தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். 200 மில்லி, 1 லிட்டர் என இரண்டு அளவிலும் பாக்கெட்டுகள் உண்டு. ‘பாதி இப்போ, பாதி அப்புறம்’ என்று குத்துமதிப்பாகப் போட்டால் 245 என்ற கணக்கே தப்பிவிடும். சர்க்கரையோ ஜூஸோ பாலோ சேர்க்கக் கூடாது.

• கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும்.

• ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 2 வயதுக்குள் 50-100 மில்லி, 2 முதல் 10 வயது வரை 100-200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூனால் மெதுவாகக் கொடுக்கலாம்.

• தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

• பாக்கெட் கிடைக்காத அவசரத்தில், 1 லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டிய அளவில். உப்பு கூடிவிடக் கூடாது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும்.

• குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்கவே முடியாமல் போனாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டு மருந்துப் பெட்டியில் இரண்டு பாக்கெட் வாங்கிப் போட்டு வைத்திருந்தால், நடு ராத்திரியில் கடை அலமாரியை நம்பி நிற்க வேண்டியிருக்காது.